தற்போது எவரும் இல்லை

என் கடைக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் நடத்திவரும் இத்தனை வருடத்தில் இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. ஒருமுறை ஒரு போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்றார். அப்படியானால் வெளியே நின்றே சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வாசலில் செருப்பு வைப்பதற்கென்றே மரத்தட்டு அடித்து வைத்திருக்கிறேன். இதுவரை என் கடையில் ஒரு செருப்பு காணாமல் போனதில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் ஒழுங்கான ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் மீதியைப் படிக்க வேண்டும், அடைக்கலசாமி சார். குருதிக்கொடைச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறீர்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

சங்கத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று நீங்கள் என் கடையைத் தேடி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டு, திரும்பவும் நம்மோடு சேர்த்திருந்த சமயம். "ஏலாக்குறிச்சியில இருந்து வேப்பந்தட்டை வரைக்கும், ரத்தம் குடுக்கத் தயாரா இருக்கறவங்க பேரெல்லாம் ஒரே எடத்துல இருக்கணும் தம்பி. எந்த குரூப்புன்னு அழுத்துனா போன் நம்பர் வந்துடணும்" என்றீர்கள். நல்ல காரியம் என்று எனக்கும் பட்டது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகாம்களில் நீங்கள் சேகரித்து வந்த பெயர்களை எல்லாம் நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

தேடல் பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் யாராவது ஒருவரின் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். யாருடையதைப் போடுவது? என்னுடையதையே போட்டேன். அதனால்தான் அந்தப் பட்டியலில் முதல் பெயர் முருகையன் என்று இருக்கிறது.

கேட்ட ரத்த வகை பட்டியலில் இல்லாவிட்டால் பக்கம் என்ன சொல்ல வேண்டும் என்றும் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து பதறிக்கொண்டு வருகிறவனிடம் 'இல்லை' என்று மொட்டையாகச் சொல்வது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். கடைசியில் இப்படி எழுதினேன்: 'மன்னிக்கவும். தாங்கள் கேட்ட வகை இரத்தம் தருவோர் நம் மாவட்டத்தில் தற்போது எவரும் இல்லை.' நீங்கள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துப் பார்த்து, "பதமா எழுதியிருக்க" என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றும் மறுக்கவில்லை.

தொடக்க விழாவைக் கல்யாண மண்டபத்தில் வைத்தீர்கள். என் மனைவி பாக்யலட்சுமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண் குழந்தைகள் இரண்டுக்கும் பூ வைத்து அழைத்து வந்திருந்தாள். நானும் புதுச்சட்டை போட்டிருந்தேன். மேடையில் வரிசையாகப் பொன்னாடை போர்த்தினீர்கள். சிறப்பு விருந்தினருக்கு, டாக்டர்களுக்கு, மண்டபத்துக்காரருக்கு. மைக் செட்காரர் சின்னப்பிள்ளையைக்கூட மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தினீர்கள். அவர் கையில் ஒயரைச் சுருட்டியபடியே வந்து வாங்கிக்கொண்டு போனார். நன்றியுரையில், "கடைசியா, இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பாத்துக் குடுத்த பையனுக்கும் நன்றி" என்றீர்கள். எனக்கு அப்போது வயது முப்பத்தாறு.

வீட்டுக்குத் திரும்பும்போது பாக்யலட்சுமி, "ஏங்க, உங்கள மேடைக்குக் கூப்புடவே இல்லையா?" என்று கேட்டாள். "கூப்புட்டாங்க. எனக்குக் கூச்சமா இருக்கு, வேணாம்னுட்டேன்" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கூப்பிடாத இடத்துக்குப் போக மாட்டோம். கேட்காமல் யாருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்க மாட்டோம். அழையா வீட்டுக்கு நுழையா சம்பந்தி என்பார் என் அப்பா. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு, பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார்கள் என்பதற்காகப் போகாமல் இருந்தவர். ஊரே அவரைத் திட்டியது. எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவரும் அன்று முழுக்கச் சாப்பிடாமல்தான் இருந்தார்.

சைட் நன்றாகத்தான் ஓடியது. ஆஸ்பத்திரிச் சுவர்களில் எல்லாம் அதன் பெயரை ஒட்டிவைத்தீர்கள். ஆனால் வெப்சைட் என்பது கட்டி முடித்துவிட்டுக் கிரகப்பிரவேசம் பண்ணுகிற வீடு இல்லை சார். அது வாடகை வீடு. நம் சைட்டை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனி சென்னையில் இருந்தது. அவர்கள் சர்வரில் எதையாவது மாற்றினால் இங்கே ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். ஒருமுறை வேறு மெஷினுக்கு மாற்றினார்கள். பக்கமே திறக்கவில்லை. மறுபடி ஒருமுறை ஏதோ அமைப்பை மாற்ற, தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிப்போனது. இரண்டு முறையும் நீங்கள் போன் செய்தீர்கள். "என்னப்பா இது, சைட்டு இப்புடி நிக்குது" என்றீர்கள். நான் எங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டிச் சரி செய்தேன். சரியான பிறகு உங்களிடமிருந்து போன் வரவில்லை. கறிவேப்பிலைக்கு அதற்கு மேல் என்ன மரியாதை.

ஆகவே ஒன்று எனக்குப் புரிந்தது. சைட் ஓடினால் என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றால் ஞாபகம் வரும். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது உலக வழக்கம்தான்.

2005ஆம் வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், கம்பெனியில் இருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பாதுகாப்புக்காக சர்வரில் ஒரு வசதியை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அதுவரை, பக்கத்தில் ஒருவர் ரத்த வகையைத் தேர்ந்தெடுத்து 'தேடு' என்று அழுத்தினால், அவர் கேட்டது என்ன என்பதை சர்வரே கொண்டுவந்து, சைட்டுக்காக நான் எழுதிய நிரலின் கையில் கொடுத்துவிடும். இனிமேல் அப்படிக் கொடுக்காது. நிரல்தான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கத் தெரியாத நிரலுக்கு ஒன்றும் கிடைக்காது.

சரியான விதி என்றுதான் எனக்கும் தோன்றியது.

சொன்னபடியே நிறுத்தினார்கள். நான் தினமும் கடை திறந்ததும் நம் சைட்டில் தேடிப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். எந்த வகையை அழுத்தினாலும் ஒரே பதில்தான் வந்தது. தாங்கள் கேட்ட வகை இரத்தம் தருவோர் நம் மாவட்டத்தில் தற்போது எவரும் இல்லை. நிரலுக்கு எதைத் தேடுவது என்றே தெரியவில்லை. அதனால் யாரையும் காணவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை, ஏனென்றால் அறிவிப்பை ஏற்கெனவே படித்திருந்தேன். நிரலின் மேலே ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

நீங்கள் போன் செய்யட்டும் என்று இருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் செய்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். இந்தத் தடவை, "சார், ஒரு நிமிஷம் கடைக்கு வாங்க, நேர்ல பேசணும்" என்று சொல்ல வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன். நீங்கள் வந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்து, மெதுவாக, மேடை விஷயத்தைச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆனால் முந்தைய இரண்டு தடவை போல இல்லை இது. பக்கம் அழகாகத் திறந்தது. எழுத்து சுத்தமாக இருந்தது. மரியாதையாக மன்னிப்புக் கேட்டது. ஜனங்கள் நம்பிவிட்டார்கள். தீபாவளி வந்து போனது. என் கடையிலேயே சிலர் வந்து தேடிப் பார்த்துவிட்டு, சரி இங்கே இல்லை போலிருக்கிறது என்று திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள். திருச்சியில் கிடைக்காத ரத்தமா? எனக்குத் தெரிந்து அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கத்தில் இத்தனை பேர் இருந்தீர்கள். ஒருவராவது ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

வெள்ளைச்சாமி வந்தது ஒரு மத்தியானம். நல்ல மழை. ரஞ்சன்குடிக்காரர், லாரி ஓட்டுகிறவர் என்றெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நனைந்துபோய் வாசலில் நின்று, மரத்தட்டைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. கையில் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது. அது நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார்.

"சார், நம்ம வூட்டுக்காரிக்குப் பிரசவம் ஆச்சு. புள்ள நல்லாருக்கு. இவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. இந்த குரூப்பு வேணும்ங்கறாங்க. ரத்த வங்கியில இல்லியாம். நர்சம்மா இன்டர்நெட்டுல பாக்கச் சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஓ நெகட்டிவ். அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சட்டை நனைந்திருக்கிறது என்று அவர் உட்காரவில்லை. நானே தேர்ந்தெடுத்து, நானே அழுத்தினேன். வழக்கமான பதில் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒருத்தர்கூடவா சார் இல்ல?"

"இல்லன்னுதான் போட்டிருக்குங்க."

"கம்ப்யூட்டரு தப்பா சொல்லாதுங்களா?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது. அதுக்கு என்ன போய்ச் சேருதோ அதத்தான் சொல்லும்" என்றேன்.

இதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக் கவரில் போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் திரையின் கீழே இருந்த உங்கள் நம்பரைக் காட்டி, "சங்கத் தலைவருதான் இதுக்கெல்லாம் பொறுப்பு. அவர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்று என் கடைப் போனையே எடுத்துக் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் சும்மா இருக்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வைத்தேன்.

நீங்கள் பேசியது எனக்கும் கேட்டது. "எங்கேர்ந்து பேசறீங்க?" என்றீர்கள். "பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் கடையிலேர்ந்துங்க சார்" என்றார். "சைட்ல பாத்துட்டீங்கள்ல? அதுல இல்லன்னா இல்லதான் தம்பி. நேரத்தப் போக்காதீங்க, நேரா திருச்சிக்குப் போயிடுங்க" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் சார், 'போனை முருகையன்கிட்ட குடுங்க' என்று ஒரு வார்த்தை உங்கள் வாயில் வரவில்லை. அது என் கடை என்று உங்களுக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றும் தெரிந்திருக்கும். நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வைத்தவர் அப்படியே ஓடினார். திருச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. செருப்பைப் போடாமலே மழையில் ஓடிப்போய் ஏறிவிட்டார். நான் வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

உள்ளே வந்து நிரலைத் திறந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம் என்று விரல் போனது. சேர்த்தால் சைட் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் அது கெட்டிருந்ததே யாருக்கும் தெரியாது. இத்தனை நாள் நான் காத்திருந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். மூடிவிட்டேன்.

பிறகு சாப்பிடப் போனேன். ரத்தம் கொடுக்கப் போகிறவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று முகாம்களில் நீங்களே சொல்வீர்கள். பக்கத்து மெஸ்ஸில் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அவர்கள் சோடா உப்பு கலந்து ஊற்றும் மோரைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரே நிறையக் குடித்தேன். கடைக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

நானும் ஓ நெகட்டிவ்தான் சார். பட்டியலில் முதல் பெயருக்கு நேராக அப்படித்தான் போட்டிருக்கிறது.

உங்களுக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தேன். அந்த வகைக்காரர்கள் மாவட்டத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவன் உங்களுக்குச் சைட் செய்து கொடுத்தவன். 'அட, நம்ம முருகையன் இருக்கானே' என்று தோன்றி, போன் செய்து, "முருகையா, கொஞ்சம் வரமுடியுமா?" என்று கேட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். என் குழந்தைகள் மேல் சத்தியமாக ஓடியிருப்பேன். நனைந்துகொண்டு ஓடியிருப்பேன். ஒரு தடவை போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். பாக்யலட்சுமி, வரும்போது பால் வாங்கி வரச் சொன்னாள்.

சாயங்காலம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் போய்விட்டாள் என்றார்கள். பெயர் ஜெயலட்சுமியாம். ரத்தப் பையை ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு வெள்ளைச்சாமி வாடகைக் காரில் பாடாலூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தாராம். அவருக்கு யாரும் சொல்லவில்லையாம், வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று. டீயை முழுசாகக் குடிக்க முடியவில்லை. கடைக்கு வந்து அந்த வரியைச் சேர்த்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஓ நெகட்டிவ் என்று தேடினேன். முதலில் என் பெயர் வந்தது. கீழே வேப்பந்தட்டையில் ஒரு கண்டக்டர், ஏலாக்குறிச்சியில் ஒரு சிஸ்டர்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பட்டியலில் ஆட்கள் இருக்கும்போது சைட் 'எவரும் இல்லை' என்றது எப்படி என்று சங்கத்தில் கேள்வி வந்தது. என்னை அழைத்தீர்கள். கம்பெனியின் அறிவிப்பைக் காட்டினேன். சர்வரில் அவர்கள் செய்த மாற்றத்தால் வந்த வினை, கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன் என்றேன். "எவனோ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு ஒரு பொண்ணக் கொன்னுட்டான்" என்று நீங்கள் கண் கலங்கினீர்கள். இரங்கல் கூட்டத்தின் முடிவில் என்னை மேடைக்கு அழைத்து, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறவர் இவர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினீர்கள். கருநீலத்தில் ஜரிகைக் கரை. பாக்யலட்சுமி அதை பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள்.

வெள்ளைச்சாமியும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கையில் குழந்தை. என்னிடம் வந்து, "அன்னிக்கு ஒங்க வேலைய வுட்டுட்டு எனக்காகத் தேடுனீங்களே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். காலில் புது ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

இரண்டு வருடம் அப்படியே போனது. இப்போது சைட்டை உங்கள் அண்ணன் மகள் அனிதா மேரியிடம் ஒப்படைக்கச் சொன்னீர்கள். கெட்டிக்காரப் பெண். பழைய நிரலையும் பழைய அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த வரி எப்போது சேர்ந்தது என்பதையும் பார்த்திருக்கிறாள். போன வாரம் கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, சர்வர மாத்துனது ஒங்களுக்கு மொதல்லேயே தெரியும்தான?"

"தெரியும்மா."

"லிஸ்டுல மொதப் பேரு ஒங்களோடது. அந்தப் பொண்ணு புருஷன் வந்தப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்."

"அப்பறம் ஏண்ணே குடுக்கல?"

"என்னை யாரும் கேக்கலியேம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்டாள், சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். தேடல் பக்கம் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். சரிசெய்யவும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு வேண்டிய ரத்தம் என் உடம்பிலேயே இருந்தது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. வேண்டுமானால் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. அன்று வெள்ளைச்சாமி விட்டுப்போன செருப்பைத் துடைத்து, காயவைத்து, கவரில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இடது செருப்பில் வார் அறுந்திருந்தது, அதையும் தைத்து வைத்தேன். இரங்கல் கூட்டத்தன்றும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் ஒன்றும் சொல்லாததால் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இன்றைக்கும் தட்டின் மேல் அடுக்கில் பத்திரமாக இருக்கிறது. வந்து கேட்டார் என்றால் கொடுத்துவிடுவேன்.